1965இல் மார்மன் சபையில் கறுப்பின பிஷப் இருக்க முடியுமா?

முடியாது. 1965இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் நடக்கும் உங்கள் கதையில், மார்மன் சபையைச் சேர்ந்த கறுப்பின நாயகனை பிஷப் (உள்ளூர் சபைத் தலைவர்) ஆக்கினால் கதையே நம்பும்படி இருக்காது. 1852இலிருந்து 1978 ஜூன் வரை கறுப்பின ஆண்களுக்கு அந்தச் சபை குருத்துவம் தரவில்லை. குருத்துவம் என்பது சடங்குகளை நடத்தும் உரிமை; அங்கே மற்ற ஆண்களுக்கு அது அப்போது 12 வயதிலிருந்தே கிடைத்தது. குருத்துவம் இல்லாமல் பிஷப் ஆக முடியாது.

அவர் அட்டை பொம்மை மாதிரி நிற்கிறார் என்றீர்களே, பதவியைக் கொடுத்து வலியை எடுத்துவிட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவருடைய பையனுக்கு 12 வயது என்று வையுங்கள். ஞாயிறு ஆராதனையில் அவன் வயதுப் பையன்கள் ரொட்டித் தட்டையும் தண்ணீரையும் வரிசை வரிசையாகக் கொண்டுபோகிறார்கள். இவன் மட்டும் பெஞ்சில். தட்டை நீட்டுபவன் இவன் வகுப்புத் தோழன். அப்பா எங்கே பார்ப்பார்? அங்கே தொடங்குங்கள்.

அப்புறம் ஒன்று செய்து பாருங்கள்: வெள்ளைக்காரப் பாத்திரம் யாருமே இல்லாமல் அவர் வீட்டில் நடக்கும் காட்சி ஒன்றாவது இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதை எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இந்தத் தடையை வெள்ளையர் அல்லாத எல்லோருக்கும் பொருத்திவிடாதீர்கள். டோங்கா, சமோவா ஆண்களுக்கு அப்போதே குருத்துவம் இருந்தது. 1852க்கு முன்பும் நிலைமை வேறு. எலைஜா ஏபல் என்ற கறுப்பினத்தவர் 1836இலேயே அதைப் பெற்றார்.