ஏர்பிரஷ் (காத்தால பெயிண்டைத் தூவுற பேனா மாதிரி சின்ன கன்) கேள்வி-பதில்: சின்ன நாசில் வாங்குனா கோடு மெல்லிசா வந்துடுமா?

கே: கப்புல பெயிண்ட் குமிழ் குமிழா கொப்பளிக்குது. கன் போயிடுச்சா?

அதெல்லாம் போகல. நாசிலோட (பெயிண்ட் வெளிய வர்ற சின்ன முனை) கேப் லூஸா இருக்கும், இல்ல நாசிலுக்குள்ள பெயிண்ட் காஞ்சு அடைச்சிருக்கும், ரெண்டும் இல்லன்னா நாசில் வாயில கீறல் விழுந்திருக்கும். இதே வரிசையில பாருங்க. மறுபடி மாட்டும்போது ஸ்பேனர்ல பலத்தக் காட்டாதீங்க, திருகு ஒடிஞ்சு உள்ளயே நின்னுடும்.

கே: ஸ்ப்ரே சரியா வரல, என்ன பண்றது?

என்ன பெயிண்ட், எவ்ளோ தின்னர், எத்தன பிஎஸ்ஐ (காத்தோட அழுத்தம்), எந்த நாசில், எதுவுமே எழுதாம "சரியா வரல"ன்னா நான் என்னத்தச் சொல்ல? முதல்ல கன்னை நல்லா கழுவிட்டு வெறும் தண்ணி ஊத்தி அடிங்க. தண்ணி ஒழுங்கா வந்தா கன்னுல குறையில்ல, பெயிண்ட்தான் கெட்டி. பால் பதத்துக்குக் கரைங்க.

கே: 0.3 மிமீ நாசில்ல கோடு தடிமனா வருது. 0.2 வாங்கச் சொல்றாங்க, வாங்கவா?

வாங்காதீங்க. இந்த தடவையும் நாலஞ்சு பேர் இதையேதான் கேட்டிருக்கீங்க, ஆரம்பிச்சு ரெண்டு மாசம்கூட ஆகாதவங்க தலையில 0.2 நாசிலைக் கட்டிவிடுற கடைக்காரங்களப் பாத்தா எனக்கு ஆத்திரமா வருது. நாசில் சின்னதாச்சுன்னா அக்ரிலிக் பெயிண்ட் இன்னும் சீக்கிரம் அடைக்கும், நம்ம ஊரு வெயிலுக்கு நீடில் (நாசிலுக்குள்ள இருக்கற ஊசி) நுனியில பெயிண்ட் காஞ்சு காஞ்சு நிக்கும், நீங்க வரையறத விட நுனிய துடைக்கிறதுலயே நேரம் போயிடும், கடைசில நமக்கு இது வராதுப்பான்னு மூட்டை கட்டி வச்சிருவீங்க. கோட்டோட தடிமன் தூரத்துல இருக்கு, பெயிண்ட் பதத்துல இருக்கு, உங்க விரல்ல இருக்கு. ஒரு ஏ4 தாள் எடுங்க, பெயிண்டை வழக்கத்த விட கொஞ்சம் தண்ணியா கரைங்க, பிரஷரை 12, 15 பிஎஸ்ஐக்கு இறக்குங்க, நுனிய தாள்லருந்து அரை சென்டிமீட்டர்ல வைங்க. டிரிகரை அமுக்கி முதல்ல காத்து மட்டும் விடுங்க, அப்புறம் பெயிண்ட் வர மயிரிழை அளவுதான் பின்னால இழுக்கணும். புள்ளி வரிசை வரிசையா வைங்க, எல்லாம் ஒரே அளவா வர ஆரம்பிச்சப்புறம் ரெண்டு புள்ளிய கோடால சேருங்க. பெயிண்ட் சிலந்திக்கால் மாதிரி நாலாபக்கமும் ஓடுச்சுன்னா ரொம்ப இழுத்துட்டீங்கன்னு அர்த்தம், இல்லன்னா காத்து ஜாஸ்தி. நிறுத்தும்போது முதல்ல பெயிண்டை மூடுங்க, காத்து கடைசியா. இது கைக்கு வந்துட்டா அதே 0.3ல 1 மிமீக்கும் கம்மியா கோடு போடலாம். அப்பவும் போதலன்னா 0.2 வாங்குங்க, நான் தடுக்கல.

கே: கார் டயருக்குக் காத்தடிக்கிற சின்ன கம்ப்ரசர் போதுமா?

போதாது. டேங்க் கிடையாது, காத்து விட்டு விட்டு வரும், கொஞ்ச நேரத்துல சூடாயிடும். டேங்க், ரெகுலேட்டர் (அழுத்தத்தக் கூட்டிக் குறைக்கிறது) ரெண்டும் இருக்கறதா பாத்து வாங்குங்க.

கே: மழை நாள்ல அடிக்கும்போது நடுவுல தண்ணிச் சொட்டு தெறிக்குது.

ஈரக்காத்தை அமுக்கினா தண்ணி பிரியத்தான் செய்யும். ஒவ்வொரு தடவை முடிச்சதும் டேங்க் அடியில உள்ள வால்வைத் திறந்து வடிச்சுடுங்க. காத்துல உள்ள தண்ணியப் பிடிக்கிற மாய்ஸ்சர் ட்ராப்பை கன்னுக்குப் பக்கத்துல மாட்டுங்க.

கே: தண்ணி பெயிண்ட்தானே, மாஸ்க் வேணுமா?

வேணும். தண்ணி பெயிண்டா இருந்தாலும் தூள் நுரையீரலுக்குத்தான் போகும், அதுக்கு என்95 போதும். தின்னர் கலந்த பெயிண்டுக்கு அது போதாது, தின்னர் ஆவியைப் பிடிக்கிற ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டு ஜன்னலைத் திறந்து வச்சு அடிங்க. கார் பெயிண்ட் கடையில ஹார்டனரோட தர்ற 2கே கிளியர் (மேல அடிக்கிற நிறமில்லாத பூச்சு) மட்டும் வீட்டுக்குள்ள வேணவே வேணாம், அதுல ஐசோசயனேட்ங்கற ரசாயனம் இருக்கு, ஆஸ்துமாவே வந்துடலாம்.

கே: கன்னை ராத்திரி முழுக்க தின்னர்ல ஊறப் போடலாமா?

கூடாது, உள்ள இருக்கற ஓ-ரிங் (ரப்பர் வளையம்) ஊதிப் போயிடும். நீடில், நாசில், கேப் இத மட்டும் கழட்டி கொஞ்ச நேரம் போடுங்க. பெயிண்ட் அடிச்ச கையோட கழுவுனா ஊறப் போடவே தேவை இருக்காது.