படிக மண்டையோடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

இண்டியானா ஜோன்ஸ் வரிசையின் நான்காவது படத்தைச் சென்ற வாரம் என் மகனோடு பார்த்தேன். வேற்றுலகவாசிகள் வந்ததுமே இருவருக்கும் சலிப்புத் தட்டிவிட்டது. ஆனால் முதல் படத்தில் பெட்டியிலிருந்து ஆவிகள் எழுந்து நாஜிகளை உருக்கியதையும், மூன்றாவதில் பல நூற்றாண்டுகளாக உயிரோடிருக்கும் வீரரையும் ஏற்றுக்கொண்டவர்கள்தானே நாம்? பறக்கும் தட்டை மட்டும் ஏன் மறுக்கிறோம்?

க., தேவகோட்டை

அன்புள்ள க. அவர்களுக்கு,

நம்ப முடியவில்லை என்பதால் நாம் சலிப்படையவில்லை. முதல் படத்தின் உடன்படிக்கைப் பெட்டி யூத மக்கள் இன்றும் வழிபடும் கடவுளுக்குரியது. அதை வெறும் தொல்பொருளாக எண்ணித் தேடிப் போன பேராசிரியர் ஜோன்ஸ், அது திறக்கப்படும்போது, கம்பத்தில் கட்டுண்டு நிற்கும் நிலையில், கண்களை மூடிக்கொள்ளும்படி உடனிருக்கும் பெண்ணிடம் சொல்கிறார். நம்பாதவன் கண்ணை மூடுகிற அந்த ஒரு நொடியை நோக்கியே படம் முழுவதும் ஓடுகிறது. மூன்றாவது படத்தில், கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் இயேசுவின் புனிதக் கிண்ணத்தைத் தந்தையின் சொல்லுக்காக விட்டுவிடுகிறார். (இரண்டாவது படம் காளி வழிபாட்டையும் நம்மவர் விருந்தையும் காட்டிய விதத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அதில்கூட லிங்கக் கல்லை ஊராரிடம் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்.)

நான்காவதிலும் வேற்றுலகவாசியின் படிக மண்டையோட்டை அதன் இடத்தில் திருப்பி வைக்கத்தான் செய்கிறார். ஆனால் அது அந்த மண்டையோடே அவருக்கு இட்ட கட்டளை. அவர் எதையும் துறக்கவில்லை, எதற்கும் தலை வணங்கவுமில்லை. மலை சரிந்து தட்டு கிளம்புவதை நம்மைப் போலவே நின்று வேடிக்கை பார்க்கிறார்.

முந்தைய மூன்றும் 1930களின் தொடர்ப் படங்களை நினைவில் வைத்து எடுக்கப்பட்டவை என்பதால், 1957இல் நடக்கும் கதைக்கு அக்காலத்துப் பறக்கும் தட்டுப் படங்களே பொருந்தும் என்பது இவ்வரிசையை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸின் கணக்கு. கணக்கில் பிழையில்லை; ஆனால் அந்த யோசனை தமக்கு ஒருபோதும் பிடித்ததில்லை என்று இயக்குநர் ஸ்பீல்பெர்க்கே பின்னர் சொல்லிவிட்டார்.

என்னை இதைவிட உறுத்துவது வேறொன்று. பழங்காலப் பெரு நாட்டவருக்கு வேளாண்மையும் நீர்ப்பாசனமும் வானிலிருந்து வந்தவர்கள் கற்றுக்கொடுத்தவை என்கிறது படம். ஆத்தங்குடியில் ஒரு மதியம் முழுவதும், தரைக்கற்கள் செய்வதற்காகக் கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நிறச் சாந்தைக் கைத்தடுமாற்றம் இல்லாமல் ஊற்றும் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தரையில் நடந்துவிட்டு, இது மனிதர் செய்ததாக இருக்க முடியாது என்று ஒருவர் வியந்தால், அது அந்தக் கைகளுக்குச் செய்யும் மரியாதையா? தொல்லியல் பேராசிரியரை நாயகனாகக் கொண்ட படமே மனிதக் கைகளின் மீது நம்பிக்கையில்லாமல் எடுக்கப்பட்டிருக்கிறது.

இத்தனைக்கும், பழங்கால மெக்சிகோவினர் செய்தவை என்று சொல்லப்பட்டு வந்த படிக மண்டையோடுகளின் உண்மைக் கதையே அருமையானது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1897இல் விலைக்கு வாங்கிய மண்டையோடு, பழைய மெக்சிகோவினருக்குத் தெரிந்திராத சுழல்சக்கரக் கருவியால் தேய்த்துச் செதுக்கப்பட்டது என்று காட்டும் ஆய்வு, இந்தப் படம் வெளிவந்த அதே 2008இல்தான் வெளியானது. அது பத்தொன்பதாம் நூற்றாண்டு வேலை. யூஜின் போபான் என்ற பிரெஞ்சுப் பழம்பொருள் வியாபாரியின் கை மாறி வந்தது. நம் பக்கத்துப் பழம்பொருள் கடைகளில் ஏறி இறங்கியவர்களுக்கு இது புதிதல்ல. நானும் ஒருமுறை பாட்டன் காலத்துப் பெட்டி என்று ஒன்றை வாங்கி வந்து, வீட்டில் கவிழ்த்துப் பார்த்தபோது அடியில் புத்தம்புதுத் திருகாணிகளைக் கண்டிருக்கிறேன்.

அறுபதை நெருங்கும் ஒரு பேராசிரியர், ஒரு பேரரசே துரத்தும் மண்டையோட்டை விளக்கொளியில் திருப்பிப் பார்த்து, பல்வரிசையில் சக்கரத்தின் கீறலைக் கண்டுகொள்கிறார். ஆனால் துப்பாக்கியோடு எதிரில் நிற்பவர்களிடம் அதைச் சொல்ல முடியாது. நான் பார்க்க விரும்பிய நான்காவது படம் அதுதான்.