சூரை மீன்பிடிப்பில் லாபமும் மீன்வளமும் ஒன்றாக நிற்குமா?

"கப்பல்களுக்குக் கட்டுப்பாடு போட்டால் வருமானம் போய்விடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மேற்குப் பசிபிக்கில் நடந்தது நேர்மாறு.

நவ்ரு, கிரிபாட்டி, துவாலு, பப்புவா நியூ கினி உள்ளிட்ட எட்டு நாடுகள், சூரை மீன்பிடிப்பைச் சேர்ந்து நிர்வகிக்கும் நவ்ரு ஒப்பந்தத்தில் இருக்கின்றன. முன்பெல்லாம் வெளிநாட்டு சுருக்குமடிக் கப்பல்கள் சொற்பக் கட்டணம் கட்டிவிட்டு அள்ளிக்கொண்டு போயின. 2007 முதல், கப்பல்கள் மீன்பிடிக்கும் நாட்களின் எண்ணிக்கைக்கே உச்சவரம்பு வைத்து, அந்த நாட்களைக் கப்பல்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். தட்டுப்பாடு வந்ததும் விலை ஏறியது. பின்னாளில் ஒரு கப்பலுக்கு ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் 8,000 டாலர் ஆனது. 2010-இல் சுமார் 6 கோடி டாலராக இருந்த மொத்த வருவாய், சில ஆண்டுகளிலேயே ஐந்து மடங்கைத் தாண்டியது.

சிக்கல், மீனைக் கூட்டும் மிதவையில் இருக்கிறது. மூங்கில் தெப்பம் ஒன்றைக் கடலில் விட்டால் அதன் நிழலில் மீன் கூடும். அதில் கட்டிய கருவி, அடியில் எவ்வளவு மீன் நிற்கிறது என்று செயற்கைக்கோள் வழியே கப்பலுக்குச் சொல்லிவிடும். ஆனால் கப்பல்கள் குறிவைக்கும் வரிச்சூரையோடு பெருங்கண் சூரையின் குஞ்சுகளும் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் ஆண்டில் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மிதவை மீன்பிடிப்புக்குத் தடை. மிதவை இல்லாமல் பிடித்த வரிச்சூரைக்கு 2011-இல், மீன்வளம் குன்றாமல் பிடித்ததற்கான எம்எஸ்சி சான்று கிடைத்தது.

இதிலும் ஓட்டை உண்டு. நாளுக்குத்தான் வரம்பு, டன்னுக்கு இல்லை. கருவிகள் கூர்மையாக ஆக, அதே ஒரு நாளில் பிடிபடும் மீன் கூடிக்கொண்டே போகிறது. நாட்களின் எண்ணிக்கையை அவ்வப்போது குறைத்தால்தான் கணக்கு நேராகும். விற்பனையில் காசு பார்க்கும் அரசுகளுக்கு அது கசக்கும்.