நான்கு வயதில் கையெழுத்து வகுப்பு தேவையா?

கேள்வி: என் மகனுக்கு நான்கே கால் வயது; ஜூனியர் கேஜி படிக்கிறான். பென்சிலை முஷ்டியாகப் பிடிக்கிறான், எழுத்துகள் கோட்டுக்குள் நிற்பதில்லை, சிறிது நேரத்திலேயே கை வலிக்கிறது என்று அழுகிறான். பள்ளியில் பி.டி. நேரத்திலும் அவனை உட்கார வைத்து எழுதச் சொல்கிறார்கள். மாலையில் கையெழுத்து வகுப்பில் சேர்க்கலாமா, அல்லது கணவர் சொல்வதுபோல் ஸ்கேட்டிங்கில் விடலாமா? எங்களுடையது சிறிய ஃபிளாட். சொசைட்டி வளாகத்தில் பந்து விளையாட அனுமதி இல்லை.
— ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இரண்டு வகுப்புகளுமே இப்போது வேண்டாம். பறிபோன பி.டி. நேரத்தை அவனுக்குத் திரும்பப் பெற்றுத் தாருங்கள்.

குழந்தையின் உடற்கட்டுப்பாடு தலையிலிருந்து கால் நோக்கியும், உடலின் நடுப்பகுதியிலிருந்து விரல்நுனி நோக்கியும் வளர்கிறது. முதுகும் தோளும் உறுதியாகத் தாங்கினால்தான் மணிக்கட்டும் விரல்களும் நுணுக்கமாக இயங்கும். அவன் எழுதும்போது எதிரே அமர்ந்து கவனியுங்கள்: தோள் காதை நோக்கி உயர்கிறதா, மற்றக் கையால் தாளைப் பிடிக்காமல் மேசைமேல் சாய்ந்துவிடுகிறானா, விரல்கள் அசையாமல் முழங்கையோடு சேர்ந்து கை முழுவதும் நகர்கிறதா? ஆம் எனில், விரலுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பயனில்லை.

வயதையும் பார்க்க வேண்டும். மணிக்கட்டின் சிற்றெலும்புகளில் சில இந்த வயதில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பார்த்து வரைவதில், பொதுவாக வட்டம் மூன்று வயதிலும், கூட்டல் குறி நான்கிலும், சதுரம் நாலரையிலிருந்து ஐந்துக்குள்ளும், முக்கோணம் ஐந்தை ஒட்டியும் கைவருகிறது. சாய்கோடே பிடிபடாத பிள்ளையிடம் சாய்கோடுகளால் ஆன ஆங்கில எழுத்துகளைப் பக்கம் பக்கமாகக் கேட்பது அவசரம் என்றே எனக்குப் படுகிறது.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும், திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் மூன்று முதல் எட்டு வயது வரையிலான பருவத்துக்கு விளையாட்டு வழிக் கல்வியையே முன்வைக்கிறது. வகுப்பாசிரியையிடம் குறை கூறும் தொனி இல்லாமல் இவற்றைச் சொல்லிப் பாருங்கள்.

வீடு சிறியது என்பதால் தயங்க வேண்டாம். கட்டடத்துக்குள் வீட்டு வாசலை ஒட்டிய நடைபாதையில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போடுங்கள். மழை மாதங்களிலும் அது நடக்கும். நான்கு வயதில் நொண்டியடிக்கத் தடுமாறினால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கரடியைப் போலக் கைகால் ஊன்றி நடப்பதும், சுவரைத் தள்ளுவதும் தோளுக்கு நல்லது. ஞாயிறுகளில் மாட்டுங்கா ஐந்து தோட்டத்துக்கோ ஜுஹு மணலுக்கோ அழைத்துச் செல்லலாம். விரல்களுக்குச் சமையலறை போதும். பச்சைப் பட்டாணியை உரிக்கக் கொடுங்கள்: காயின் முதுகை அழுத்தி வெடிக்கச் செய்து, கட்டைவிரலால் மணிகளைத் தள்ளும்போது, பென்சிலைப் பிடிக்கும் விரல்களே வேலை செய்கின்றன. சப்பாத்தி மாவு பிசைவதும், சட்டைப் பொத்தானை அவனே போடுவதும் அப்படித்தான். நீண்ட பென்சிலுக்குப் பதில் சிறு கிரேயான் துண்டு கொடுத்தால், முஷ்டியில் அடக்க முடியாமல் விரல்நுனியால் பிடிப்பான். (மாமியாருக்குப் பாதி பட்டாணி உருண்டோடிய கோபம் வரலாம், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.) ஓடுவதும் தாவுவதும் பந்து பிடிப்பதும் சரளமான பிறகு, அவனே ஆசைப்பட்டால் ஸ்கேட்டிங் கற்கட்டும்.

தரையிலிருந்து எழும்போது தொடையில் கைகளை ஊன்றி ஏறி எழுவது, ஒரு பக்கக் கையையோ காலையோ ஒதுக்குவது, முன்பு செய்தவற்றை இப்போது செய்ய இயலாமற்போவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்காமல் குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லாமல், ஐந்து வயது கடந்தும் தடுமாற்றம் நீடித்தால், தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) காட்டலாம்.

கேள்வி: என் பேத்தி தவழாமலேயே நடக்கத் தொடங்கிவிட்டாள். பின்னால் பாதிப்பு வருமா?
— ஒரு தாத்தா, முலுண்ட்

பதில்: வராது, ஐயா. இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் ஆய்வு செய்து உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட முடிவுகளில், ஆரோக்கியமான குழந்தைகளில் 4.3 சதவீதம் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழவே இல்லை. நடைக்கான இயல்பான காலமும் 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை நீள்கிறது.