காலண்டரில் புள்ளி வைப்பவர்

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. பிறந்தநாளுக்கு டரான்டுலா சிலந்திதான் வேண்டும் என்று அடம்பிடித்தான். ஐந்து மாதத்துக்கு முன் இணையத்தில் ஒருவரிடம் 'மெக்சிகன் ரெட் நீ' என்ற வகையை வாங்கினோம். ரசீது எதுவும் தரவில்லை. பழைய மீன் தொட்டியில் போட்டு மாமனார் அறையில் வைத்திருக்கிறோம், அங்கேதான் இடம் இருந்தது. முதல் மாதம் மகன் தொட்டியை விட்டு நகரவே மாட்டான். இப்போது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மாமனார்தான் ராத்திரி சமையலறையில் கரப்பான் பிடித்துப் போடுகிறார், அவருக்கும் பொழுது போகிறது. 43 நாளாக அது சாப்பிடவில்லை (மாமனார் காலண்டரில் புள்ளி வைத்திருக்கிறார்). பசிக்கும்போது தின்னட்டும் என்று இரண்டு கரப்பானை உள்ளேயே விட்டிருக்கிறோம். நேற்றிலிருந்து மூலையில் வெள்ளையாக வலை விரித்து அதன்மேல் அசையாமல் கிடக்கிறது. சட்டை உரிக்கப் போகிறது என்கிறார் மாமனார். கிராமத்தில் பாம்பைப் பார்த்த ஞாபகத்தில் வயதானவர் ஏதோ சொல்கிறார். அது சாகப்போகிறதா? சாப்பிட வைக்க என்ன செய்வது?
— பெயர் வேண்டாத வாசகி, கோவை

பதில்: முதலில் அந்த இரண்டு கரப்பானையும் வெளியே எடுங்கள். நீளமான இடுக்கி போதும், வலைமேல் இடிக்காமல் எடுக்க வேண்டும். மீதியை அப்புறம் படிக்கலாம்.

எடுத்தாயிற்றா? சரி, காலண்டருக்கு வருகிறேன்.

பிள்ளைகள் கேட்டார்கள் என்று வாங்கிய நாய், கிளி, முயல், மீன் பற்றி எனக்கு வராத கடிதம் இல்லை. 'கொஞ்ச நாளாகச் சாப்பிடவில்லை', 'ஒரு வாரமோ பத்து நாளோ இருக்கும்' என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். எந்த நாளில் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் 43 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? ஒரு மனிதர் தினமும் ராத்திரி தொட்டி முன்னால் நின்று, தின்றதா இல்லையா என்று பார்த்து, காலண்டரில் புள்ளி வைத்திருக்கிறார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, 43 நாள். அவருடைய எண்ணைக் கடிதத்தில் எழுதிக்கொண்டீர்கள். அவர் சொன்ன பதிலை மட்டும் 'வயதானவர் ஏதோ சொல்கிறார்' என்று தள்ளிவிட்டீர்கள்.

அவர் சொன்னதுதான் சரி.

சிலந்திக்கு உள்ளே எலும்பு கிடையாது. மேலே இருக்கும் ஓடுதான் அதன் உடம்பைத் தாங்குகிறது. அந்த ஓடு வளராது. அதனால் சிலந்தி வளர வேண்டுமானால் பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதோடு வெளியே வர வேண்டும். பாம்பை நினைத்து அவர் சொல்லியிருந்தாலும் ஒப்பீடு பொருந்துகிறது. உரிப்பதற்கு முன் வாரக்கணக்கில், வளர்ந்த சிலந்தியானால் மாதக்கணக்கில்கூட, அது வாயில் எதுவும் வைக்காது. உரிக்கும் நாள் நெருங்கும்போது தரையில் பாய் விரித்ததுபோல வலை பின்னிக்கொள்ளும். நீங்கள் நேற்று பார்த்தது அந்தப் பாய்தான். இன்னொரு அடையாளமும் உண்டு. வயிற்றின் மேல்பக்கம் முடி உதிர்ந்து வழுக்கையாக ஓர் இடம் இருந்தால், அது வெளிறிய நிறத்திலிருந்து மெல்லக் கறுத்துக்கொண்டே வரும். உள்ளே புதிய தோலும் புதிய முடியும் தயாராவதால் வருகிற கறுப்பு அது. அது கறுத்துவிட்டதா என்று நீங்கள் தொட்டிக்குள் குனிந்து பார்க்க வேண்டாம். மாமனாரிடம் கேளுங்கள். என்றைக்குக் கறுக்க ஆரம்பித்தது என்பதையும் சேர்த்து அவரால் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

இன்றோ நாளையோ அது மல்லாந்து படுக்கும். எட்டுக் காலும் மேலே பார்த்துக் கிடக்கும். முதல்முறை வளர்ப்பவர்கள் பலரும் தவறு செய்வது அப்போதுதான். செத்துவிட்டது என்று குப்பையில் போட்டவர்கள் உண்டு, பாவம் என்று திருப்பிப் போட்டுக் கொன்றவர்களும் உண்டு. மல்லாந்து கிடந்தால் அது வேலையில் இருக்கிறது என்று அர்த்தம். சில மணி நேரம் ஆகும், சில சமயம் ஒரு நாள் முழுக்க இழுக்கும். தொடக் கூடாது, ஊதக் கூடாது, தொட்டியை நகர்த்தவும் கூடாது. அந்த நேரத்தில் அதன் உடம்பு முழுவதும் பிஞ்சுபோல மென்மையாக இருக்கும், பல்லுக்குக்கூட உறுதி இருக்காது. கரப்பான் கடித்தால் தடுக்க வழியில்லை. பதிலின் தொடக்கத்தில் நான் அவசரப்பட்ட காரணம் அதுதான். நிமிர்ந்து நிற்கும்போது கால்களை எல்லாம் வயிற்றுக்கு அடியில் சுருட்டிக்கொண்டு, வயிறும் சுருங்கியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். பெரும்பாலும் தண்ணீர்க் குறைவால் வருவது அது. ஆகவே சாப்பாட்டை விடுங்கள், தண்ணீர்க் கிண்ணம் நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்து, 'அவருக்கும் பொழுது போகிறது' என்ற வரி. இதை நான் விடப் போவதில்லை அம்மா. நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து ஓர் உயிரை வீட்டுக்குள் கொண்டுவந்தீர்கள். பையன் ஒரு மாதத்தில் விட்டுவிட்டான். யாரும் கேட்காமலே பெரியவர் எடுத்துக்கொண்டார். அதைப் பொழுதுபோக்கு என்று சொல்வதற்கு உங்களுக்கு உரிமை இல்லை. வீட்டில் பெரியவர்களிடம் வேலை கொடுப்பதில் தவறே இல்லை, கொடுக்காமல் மூலையில் உட்கார வைப்பதுதான் தவறு என்பது என் கட்சி. ஆனால் வேலையைக் கொடுத்தால் அந்த வேலையில் அவர் பேச்சுக்கு மதிப்பும் கொடுக்க வேண்டும். அந்தத் தொட்டியைப் பொறுத்தவரை உங்கள் வீட்டில் விவரம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அவரிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், அதையும் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். சமையலறைக் கரப்பான் இனி வேண்டாம். கரப்பானுக்கு நாம் வைக்கிற ஜெல், போடுகிற சாக்பீஸ் கோடு எல்லாவற்றிலும் விஷம் இருக்கிறது. நம் வீட்டில் வைக்காவிட்டாலும் அடுத்த வீட்டில் தின்றுவிட்டு நம் சாக்கடை வழியாக வரும். அந்த விஷம் சிலந்திக்கும் விஷம்தான். 'இனிமேல் போடாதீர்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். காரணத்தைச் சொல்லுங்கள். செல்லப் பிராணிக் கடைகளில் தீனிக்கென்று வளர்த்த மீல்வார்ம் புழுவும் கிரிக்கெட் பூச்சியும் கிடைக்கும், அவரையே கூட்டிப் போய் வாங்குங்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு போதும். சிலந்தியின் வயிற்றைவிடப் பெரிய பூச்சி கூடாது.

கொசு மருந்தும் இதே கதைதான். அந்த அறையில் லிக்விடோ சுருளோ இருந்தால் இன்றே நிறுத்துங்கள். கொசுவைக் கொல்வது சிலந்தியையும் தாக்கும். மாமனாருக்குக் கொசுவலை கட்டிக் கொடுங்கள். வலைக்குள் படுக்க அவருக்குப் பிடிக்கவில்லையென்றால், சட்டை உரித்து முடிந்ததும் தொட்டி வேறு அறைக்குப் போக வேண்டும். அவர் கொசுக்கடியில் படுக்கக் கூடாது. 'அங்கேதான் இடம் இருந்தது' என்று எழுதினீர்களே, அவர் படுக்கிற அறையில் வைப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள்.

இந்த வகைச் சிலந்தி மிரண்டால் பின்னங்காலால் வயிற்று முடியைத் தேய்த்துக் காற்றில் பறக்கவிடும். முள் வைத்த நுண்ணிய முடி. தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. 2009இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவரின் விழியில் இப்படி முடி குத்தி, வாரக்கணக்கில் கண் சிவந்தே இருந்தது. இடுக்கியால் எடுக்க முடியாத அளவுக்கு மெல்லிய முடிகள் அவை என்று மருத்துவர்கள் லான்செட் இதழில் எழுதினார்கள். உங்கள் மாமனார் வெறும் கையோடும் வெறும் கண்ணோடும் அந்தத் தொட்டியில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். கையுறையும் கண்ணை மூடுகிற பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள். யாரும் அதைக் கையில் எடுத்துக் கொஞ்சவும் வேண்டாம், அதற்கு அது பிடிக்காது.

மீன் தொட்டியின் உயரத்தையும் குறைக்க வேண்டும். இது மரத்தில் வாழ்கிற வகை இல்லை, மெக்சிகோவின் பசிபிக் கரையோர வறண்ட மேடுகளில் வளைக்குள் வாழ்வது. ஆனாலும் கண்ணாடியில் ஏறிப் பார்க்கும். விழுந்தால் வயிறு பிளந்து செத்துவிடக்கூடும். மண்ணுக்கும் மூடிக்கும் நடுவே, காலை விரித்தால் அது எவ்வளவு அகலமோ அதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. பொள்ளாச்சி பக்கத்திலேயே இருக்கிறது, நல்ல கோகோபீட் (தென்னை நார்த் தூள்) வாங்கிக் கனமாக நிரப்புங்கள். இதெல்லாம் உரித்து இரண்டு வாரம் கழித்து.

ரசீது இல்லை என்றீர்கள். இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2021 ஜூலையில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த ஒரு பார்சலைச் சென்னையில் சுங்கத்துறையினர் பிரித்தபோது, சின்னச் சின்னக் குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன. உங்கள் வீட்டில் இருக்கும் பிரேக்கிபெல்மா இனமும் அதில் இருந்ததாகச் சந்தேகித்தார்கள். அந்த இனத்தின் வணிகம், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 2022இல் திருத்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 2024இல் வந்த விதிகளும், இப்படிப்பட்ட உயிர் கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்கின்றன. நீங்கள் ஐந்து மாதம் வைத்திருக்கிறீர்கள். ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, உங்கள் கணவர் வனத்துறை அலுவலகத்துக்கு நேரில் போய் உள்ளதைச் சொல்லட்டும். பயந்துபோய் எங்காவது தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள், அது இரண்டாவது தவறு. பிறந்தநாள் பரிசு எங்கிருந்து வந்தது என்று பையன் ஒரு நாள் கேட்பான். அன்றைக்கு அவனிடம் சொல்ல உங்களிடம் நேர்மையான பதில் இருக்க வேண்டும்.

பையனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அவன்மேல் எனக்குக் கோபம் குறைவு. 11 வயதுப் பிள்ளைக்கு ஆசை வரும், போகும். பொறுப்பு பெற்றவர்களுடையது. ஆனால் அவனை அப்படியே விட்டுவிடவும் முடியாது. இந்த இனத்தில் ஆண் பருவம் வந்தபின் அதிக நாள் இருக்காது. பெண் 20 வருடத்துக்கு மேல் வாழும். உங்களுடையது பெண்ணாக இருந்தால், மகனுக்கு 30 வயதாகும்போதும் அதற்குத் தண்ணீர் வைக்க ஒருவர் வேண்டும். அன்றைக்கும் தாத்தா வைப்பார் என்று நினைக்கிறீர்களா?

ஆணா பெண்ணா என்று உரித்த சட்டையிலேயே தெரிந்துவிடும். அதைத் தூக்கி எறியாதீர்கள். சிலந்தி நன்றாக விலகிப் போன பிறகு இடுக்கியால் எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் ஊறப்போட்டால் இளகும். வயிற்றுப் பகுதியை மெதுவாக விரித்து, உள்பக்கத்தில் முன்னால் இருக்கும் ஒரு ஜோடி மூச்சுறுப்புக்கு நடுவே லென்ஸ் வைத்துப் பாருங்கள். சின்ன மடிப்புப் பை ஒன்று இருந்தால் பெண். அதைப் பையன் பிரிக்கட்டும், தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து லென்ஸ் பிடிக்கட்டும், இரண்டு பேருக்கும் கையுறை. அதற்கு முன்னால், இன்று ராத்திரி, மகனைத் தொட்டி முன்னால் தாத்தாவோடு உட்கார வையுங்கள், போன் இல்லாமல். மல்லாந்து படுத்தால் அவன் அதைப் பார்க்க வேண்டும்.

உரித்து முடிந்தபின் பத்துப் பன்னிரண்டு நாளுக்குப் பூச்சி போடக் கூடாது. வெள்ளையாக வரும் புதுப் பல் சிவந்து, அப்புறம் கறுத்த பிறகுதான் தீனி. எந்தத் தேதியில் போடுவது என்பதை மாமனார் முடிவு செய்யட்டும். காலண்டர் அவரிடம்தான் இருக்கிறது.