சக்கர நாற்காலியும் ஆறு படிகளும்

அன்புள்ள ஐயா,

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு பத்திரிகைக்குப் பிரதேச நிருபராக இருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளைப் பற்றி நான் அனுப்புவதில் இரண்டு வகைதான் அச்சாகிறது. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தால் கூட்டச் செய்தி, யாராவது சக்கர நாற்காலி கொடுத்தால் படச் செய்தி. உரிமை என்று எழுதி அனுப்பினால், 'இதில் செய்தி எங்கே?' என்று கேட்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு இதை வேறு மாதிரி எழுத முடியுமா?

பிரதேச நிருபர், ஹட்டன்

அன்புள்ள தம்பி,

அவர்கள் கேட்டதில் தப்பில்லை. உரிமை என்ற சொல்லை மட்டும் வைத்துச் செய்தி எழுத முடியாது, அது எங்கே தடைபடுகிறது என்று காட்ட வேண்டும். நாற்காலி கொடுத்த அதே லயத்துக்கு, அந்தத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, ஒரு மாதம் கழித்து, அளவு நாடாவோடு போங்கள்.

வாசலிலிருந்து தோட்டப் பாதை வரை எத்தனை படி, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம் என்று அளந்து குறியுங்கள். 17 சென்டிமீற்றரில் ஆறு படி என்றால் மொத்தம் 102 சென்டிமீற்றர். சாய்தளத்துக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு 12க்கு 1, அதாவது ஒரு சென்டிமீற்றர் ஏற 12 சென்டிமீற்றர் நீளம். அப்படியானால் அந்த வீட்டுக்கு 12 மீற்றருக்கு மேல் சாய்தளம் வேண்டும், நடுவில் நின்று இளைப்பாற ஒரு சமதளமும் வேண்டும். லயத்து முற்றத்தில் அவ்வளவு நீளம் நேராகக் கிடைக்காது, வளைத்துத்தான் கட்டவேண்டும். இந்தக் கணக்கை எழுதினாலே போதும், புது நாற்காலி ஏன் இஸ்தோப்பில், வீட்டுத் திண்ணையில், துணி போடக் கிடக்கிறது என்று வாசகருக்கு விளங்கிவிடும்.

நாற்காலியையும் பாருங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவுக்கென்று செய்த நாற்காலியின் முன்சக்கரம் சிறியது, சரளைக்கல் பாதையில் புதைந்து ஆளை முன்னால் சாய்க்கும். இருக்கை உடம்பை விட அகலமாக இருந்தால் ஒரு பக்கம் சரிந்து உட்கார்ந்தே முதுகு வளையும். மெத்தை இல்லாமல், உணர்ச்சியற்ற இடுப்போடு நாள் முழுக்க இருப்பவருக்கு அழுத்தப் புண் வரும், அது உயிருக்கே ஆபத்து. ஆகவே கொடுத்தவரிடம் கேளுங்கள்: அளவெடுத்தது யார்? பழக்கிவிட்டது யார்? சக்கரம் கழன்றால் எங்கே கொண்டுபோவது? எத்தனை நாற்காலி கொடுத்தார்கள் என்பதை மேடையிலேயே சொல்லிவிடுவார்கள், அதைக் கேட்க நிருபர் தேவையில்லை.

அடுத்து, அந்தப் படி யாருடையது? மலையகத்தில் இதுதான் சிக்கல். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவழிக்க முடியாது என்று நெடுங்காலம் கைவிரித்தார்கள். 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டுவிட்டது. இன்னும் 'அது நிர்வாகத்தின் வேலை' என்று சபையும், 'அது சபையின் வேலை' என்று தோட்ட நிர்வாகமும் சொன்னால், இரண்டு பதிலையும் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள். பிரதேச செயலகம், தபால் கந்தோர் போன்ற பொதுக் கட்டடங்களுக்கு வேறு பிடி இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர் அஜித் சி. எஸ். பெரேரா தொடுத்த வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் எல்லோரும் நுழையத்தக்கதாக இருக்கவேண்டும் என்று 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. கட்டடம் எந்த ஆண்டு திறக்கப்பட்டது என்று வாசல் கல்வெட்டிலேயே இருக்கும். அந்தக் கல்வெட்டையும் அதற்குக் கீழே உள்ள படியையும் ஒரே படத்தில் எடுங்கள்.

எண்ணிக்கை வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பிடியுங்கள். 'மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன செய்தீர்கள்?' என்று கேட்டால் 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்றுதான் பதில் வரும். மாற்றுத்திறனாளிகளுக்கான அரசாங்கக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தவர் எத்தனை, பெறுபவர் எத்தனை, காத்திருப்பவர் எத்தனை என்று ஆண்டுவாரியாக, கிராம சேவகர் பிரிவுவாரியாகக் கேளுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும் அதை எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை. இது பலருக்குத் தெரியாது, இதையே ஒரு செய்தியாகப் போடலாம்.

பேட்டிக்குப் போனால் அந்த ஆளோடு பேசுங்கள். அம்மாவையோ அண்ணனையோ பார்த்து 'இவருக்கு என்ன பிரச்சினை?' என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. காது கேளாதவருக்கு வீட்டார் சைகையில் மொழிபெயர்த்தால், வீட்டாருக்குப் பிடிக்காததை விட்டுவிடுவார்கள். முடிந்தால் வெளியாள் ஒருவரைத் தேடுங்கள், உங்கள் கண் மட்டும் காது கேளாதவர் மேலேயே இருக்கட்டும். படம் எடுக்கும்போது குனியுங்கள், கமரா அவர் கண் உயரத்தில் இருக்கவேண்டும். பேஸ்புக்கிலும் வரும் என்று சொல்லியே சம்மதம் கேளுங்கள்.

சொல்லிலும் கவனம் வேண்டும். 'நாற்காலியில் முடங்கிய' என்று எழுதாதீர்கள், அந்த நாற்காலிதான் அவரை நடமாட வைக்கிறது. மனு கவனிக்கப்படாவிட்டால் 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று தலைப்பு போடுகிறோம். காது கேளாதவர் யாருடைய மனுவையும் கிடப்பில் போடவில்லை. 'ஊனத்தை வென்று சாதித்த மாணவி' என்ற தலைப்பும் வேண்டாம். அந்த மாணவிக்குப் பரீட்சை எழுத உதவியாளர் எப்படிக் கிடைத்தார், பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்கு ஏன் கிடைக்கவில்லை என்று எழுதினால் இன்னொரு பிள்ளைக்கு வழி தெரியும்.

உங்கள் பத்திரிகையே அவர்களுக்கு எட்டுகிறதா என்றும் கேளுங்கள். பாமினி எழுத்துருவில் இணையத்தில் ஏற்றினால், கண் தெரியாதவருக்குத் திரையிலுள்ளதைக் குரலில் வாசிக்கும் திரைவாசிப்பான் அதை ஆங்கில எழுத்துகளாக உளறும், யூனிகோடாக மாற்றியே ஏற்ற வேண்டும். பத்திரிகைத் துண்டைப் படமாகப் போட்டால் அதுவும் வாசிக்காது, செய்தியைக் கீழே தட்டச்சு செய்துவிடுங்கள்.

இன்னொன்று, நம் மலைக்கே உரியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று விடுக்கிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். இரவு இரண்டு மணிக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தால் காது கேளாதவரை யார் தட்டி எழுப்புவது? நடக்க முடியாதவரை அந்த ஆறு படிகளில் யார் தூக்கி இறக்குவது? தங்கவைக்கும் பள்ளிக்கூடத்தில் அவர் போகக்கூடிய கழிவறை உண்டா? உங்கள் பிரிவு கிராம சேவகரிடம் இவர்களின் பெயர்ப்பட்டியல் இருக்கிறதா என்று இந்த வாரமே போய்க் கேளுங்கள். இருந்தாலும் செய்தி, இல்லாவிட்டால் முதல் பக்கச் செய்தி.