தைராய்டு மாத்திரை போட்டும் டிஎஸ்எச் 9, ஆனால் ஃப்ரீ டி4 கூடுதல்: அளவைக் குறைக்கலாமா?

குறைக்க வேண்டாம். டி4 என்பது தைராய்டு ஹார்மோன்; டிஎஸ்எச் என்பது தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன், டி4 போதாவிட்டால் ஏறும், அதிகமானால் இறங்கும். நீங்கள் தினமும் போடும் 75 மைக்ரோகிராம் உங்களுக்கு உண்மையிலேயே அதிகமாகியிருந்தால் டிஎஸ்எச் இறங்கியிருக்கும். அது 9-ல், கூடுதலாகவே நிற்கிறதே.

காலை 6 மணிக்கு மாத்திரை, 8 மணிக்கு மாட்டுங்காவில் ரத்தம் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். விஷயம் அங்கேதான். லெவோதைராக்ஸின் (அதுதான் உங்கள் தைராய்டு மாத்திரை) விழுங்கிய 2 முதல் 4 மணி நேரத்தில் ரத்தத்தில் டி4 தற்காலிகமாக ஏறும். டிஎஸ்எச் அப்படி ஒரு காலையில் மாறாது. கடந்த சில வாரங்களின் கணக்கைச் சொல்லும். ஊருக்குப் போனபோது மாத்திரை விட்டுப்போனதும், வாயில் போட்ட கையோடு ஃபில்டர் காபி குடிப்பதும் (மும்பைக்கு வந்தாலும் நம் ஆட்கள் விடமாட்டார்கள்!) அந்தக் கணக்கில் இடித்திருக்கலாம்.

இனி வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். காபி ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம், இரும்பு மாத்திரை இருந்தால் 4 மணி நேரம் தள்ளி. இப்படி 6 முதல் 8 வாரம் விடாமல் போட்டு, அதே லேபில் மறுபடி பாருங்கள். அன்றைக்கு ரத்தம் கொடுத்த பிறகுதான் மாத்திரை. முடிக்காக பயோடின் என்ற வைட்டமின் சாப்பிட்டால் இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், சில பரிசோதனைகளில் அது முடிவைத் திரித்துவிடும்.

அப்புறமும் டிஎஸ்எச், டி4 இரண்டுமே கூடுதலாக வந்தால் நாளமில்லாச் சுரப்பி நிபுணர்தான் பார்க்க வேண்டும். அபூர்வமான காரணங்கள் சில உண்டு. கர்ப்பமாக இருந்தாலோ, படபடப்பு, நெஞ்சுவலி இருந்தாலோ இந்த 6 வாரக் கதையெல்லாம் கிடையாது, உடனே டாக்டரிடம் போங்கள்.